வீடா, இடமா? வெளியேற்றத்துக்கு எதிரான இயக்கங்களும் அவற்றின் விடைகளும்

நகரத்துப் புறம்போக்கில் குடிசை போட்டு வாழும் மக்களை விரட்டப்படாமல் காப்பது எது? வாக்கா, வழக்கா, பட்டாவா, ஒன்றுதிரண்டு மறித்து நிற்பதா? இந்தக் கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டாக விடை தேடப்பட்டு வருகிறது. முதலாளிகளின் ஆட்சியில் சேரிகள் ஒழிவதில்லை, ஓரிடத்தில் இடிக்கப்பட்டு இன்னோர் இடத்தில் முளைக்கின்றன என்று 1872இல் ‘வீட்டுவசதிப் பிரச்சினை’ குறித்த தொடர் கட்டுரைகளில் எங்கெல்ஸ் வாதிட்டார். சமூக அமைப்பு மாறாமல் இதற்குத் தீர்வில்லை என்பது அவர் முடிவு. பிரச்சினையை அவர் சரியாகவே கண்டார் என்பதற்கு இன்றைய நகரங்கள் சாட்சி. ஆனால் நாளைக் காலை பொக்லைன் வரப்போகும் தெருவில் இருப்பவர்கள் சமூக அமைப்பு மாறும்வரை காத்திருக்க முடியாது. அவர்கள் அவ்வப்போது கண்டெடுத்த இடைக்கால விடைகளின் வரலாறுதான் வீட்டுரிமை இயக்கங்களின் வரலாறு.

இக்கட்டுரை அந்த விடைகளைச் சென்னையை நடுவில் வைத்துப் பரிசீலிக்கிறது. காரணம் உண்டு. குடிசைப் பகுதிகளுக்கென்றே தனிச் சட்டமும் தனி வாரியமும் அரை நூற்றாண்டுக்கு முன்பே பெற்ற நகரம் இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை மாநகராட்சியில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தார்கள். சட்டமும் வாரியமும் இருந்தும், கடந்த கால் நூற்றாண்டில் பல்லாயிரம் குடும்பங்கள் நகரின் நடுப்பகுதியிலிருந்து தென்கோடிக்கு அனுப்பப்பட்டிருக்கின்றன.

வாக்கின் காப்பு

1967இல் ஆட்சிக்கு வந்த திமுகவுக்குச் சென்னையின் குப்பங்களிலும் சேரிகளிலும் உறுதியான ஆதரவு இருந்தது. 1970இல் குடிசை மாற்று வாரியமும் 1971இல் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டமும் அந்த உறவிலிருந்து பிறந்தவை என்று கொள்வதில் தவறில்லை. வாரியத்தின் தொடக்ககாலக் கொள்கை தெளிவானது: குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டி, அதே மக்களைக் குடியேற்றுவது. 1971இல் நடந்த கணக்கெடுப்பில் 1,202 குடிசைப் பகுதிகள் அடையாளம் காணப்பட்டு அறிவிக்கை செய்யப்பட்டன. அறிவிக்கை பெற்ற பகுதியில் குடியிருப்பவரை உரிய அதிகாரியின் அனுமதியின்றி வெளியேற்ற முடியாது என்கிறது அச்சட்டத்தின் 29ஆம் பிரிவு. இந்தியாவில் குடிசைவாசிகளுக்குக் கிடைத்த குறிப்பிடத்தக்க சட்டப் பாதுகாப்புகளில் இது ஒன்று.

வாக்கு ஏழைகளைக் காக்கிறது என்ற நிலைப்பாட்டுக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம். சென்னைக் குடிசைப் பகுதிகளை ஆராய்ந்த யோப் டி விட் 1996இல் வெளியிட்ட நூலில், தண்ணீர்க் குழாய் முதல் தெருவிளக்கு வரை கட்சிக்காரர்கள் வழியாக வந்துசேரும் முறையை விரிவாக விளக்கினார். பார்த்தா சட்டர்ஜி இதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தார். சட்டத்தின் கண்ணில் ஆக்கிரமிப்பாளராக இருப்பவர்கள் குடிமக்களாக உரிமை கோருவதில்லை, மக்கள்தொகைக் குழுக்களாகப் பேரம் பேசியே காரியம் சாதிக்கிறார்கள் என்பது அவர் வாதம். சாலமன் பெஞ்சமின் ஒரு படி மேலே சென்றார். ரேஷன் அட்டை, மின் இணைப்பு, கவுன்சிலரின் கடிதம் என்று சிறுகச் சிறுகச் சேரும் ஆதாரங்களே நிலத்தின் மீதான உரிமையாகக் கெட்டிப்படுகின்றன என்றார் அவர்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனமும் சென்னையிலேயே தெரிகிறது. 1985இல் மேலும் 17 பகுதிகள் சேர்க்கப்பட்டு அறிவிக்கை பெற்றவற்றின் எண்ணிக்கை 1,219 ஆனது. அதற்குப் பிறகு புதிய அறிவிக்கை எதுவும் வரவில்லை. இரு திராவிடக் கட்சிகளும் மாறி மாறி ஆண்ட காலம் அது. இரண்டும் குடிசை வாக்குகளைக் கேட்டவை. தேர்தல் நேரத்தில் குழாயும் விளக்கும் கிடைத்தன, சட்டப் பாதுகாப்பு மட்டும் கிடைக்கவில்லை. சலுகையை வழங்கியவர் திரும்பப் பெறலாம், அறிவிக்கையை அவ்வளவு எளிதில் திரும்பப் பெற முடியாது என்பதே இதற்குக் காரணமாக இருக்கக்கூடும். அதோடு, ஆற்றோரத் தெருவொன்று ஒரே வாரத்தில் காலியாக்கப்பட்டுப் பல தொகுதிகள் தள்ளிக் குடியமர்த்தப்படும்போது அந்த மக்களின் வாக்கும் பேர வலிமையும் அவர்களோடு இடம்பெயர்வதில்லை.

நீதிமன்றம் சொன்னதும் தந்ததும்

வழக்கு வழி பற்றிய எந்த விவாதமும் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. 1981 மழைக்காலத்தில், மகாராஷ்டிர முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே பம்பாய் நடைபாதைவாசிகளை அகற்றிச் சொந்த ஊர்களுக்கு அனுப்ப உத்தரவிட்டார். அதை எதிர்த்த வழக்கில் 1985 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிழைப்புக்கான உரிமை, அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்றது. மக்கள் நடைபாதையில் தங்குவது அங்கே வேலை அருகில் இருப்பதால்தான், அங்கிருந்து அகற்றினால் பிழைப்பே போய்விடும் என்ற காரணத்தையும் ஏற்றுக்கொண்டது.

நீதிமன்றத்தின் தர்க்கம் முழுக்க இடத்தைப் பற்றியது. ஆனால் அதன் உத்தரவில் இடம் இல்லை. முறையாக அறிவிப்புக் கொடுத்து வெளியேற்றலாம், மழைக்காலம் முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும், 1976 கணக்கெடுப்பில் அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும் என்பதோடு அது முடிந்தது. பிழைப்பும் இடமும் பிரிக்க முடியாதவை என்று ஏற்ற தீர்ப்பே இரண்டையும் பிரிக்கும் முறையையும் வகுத்துத் தந்தது. அதே 1985இல் சென்னைக் குடிசைவாசிகள் தொடர்பான கே. சந்துரு வழக்கில், தமிழ்நாடு அரசின் நலத்திட்டங்களைச் சுட்டிக்காட்டிய நீதிமன்றம், அந்த அக்கறை தொடரும் என்று நம்பிக்கை தெரிவித்தது. நம்பிக்கைக்கும் கட்டளைக்கும் உள்ள தூரம் பிற்பாடு தெரியவந்தது.

அதற்குப் பிறகு நீதிமன்றங்கள் ஒரே திசையில் போகவில்லை. 2000இல் அல்மித்ரா படேல் வழக்கில், ஆக்கிரமித்தவருக்கு மாற்று மனை தருவதைப் பிக்பாக்கெட்காரருக்குப் பரிசு தருவதோடு உச்ச நீதிமன்றம் ஒப்பிட்டது. டெல்லியில் நடந்த வெளியேற்றங்களை ஆராய்ந்த கௌதம் பான், அவற்றில் பெரும்பங்கு பொதுநல வழக்குகளின் உத்தரவுகளால் நடந்தவை என்று காட்டினார். ஏழைகளுக்காகத் திறக்கப்பட்ட கதவு வழியாகவே ஏழைகளை அகற்றக் கோரியவர்களும் உள்ளே வந்தார்கள். மறுபுறம், டெல்லி உயர் நீதிமன்றம் 2010இல் சுதாமா சிங் வழக்கிலும் 2019இல் அஜய் மக்கன் வழக்கிலும், குடியிருப்போரைக் கணக்கெடுத்து, கலந்துபேசி, மறுவாழ்வுக்கு வழிசெய்த பிறகே வெளியேற்றத்தைப் பற்றி யோசிக்கலாம் என்றது.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பொக்லைன் இடிப்புகளுக்கு எதிராக அளித்த தீர்ப்பு பரவலாக வரவேற்கப்பட்டது. இடிப்பதற்கு முன் 15 நாள் அறிவிப்பு கட்டாயம் என்றது அது. அதன் விதிவிலக்கு அவ்வளவாகப் பேசப்படவில்லை. சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், ஆறு, நீர்நிலை ஆகிய பொது இடங்களில் உள்ள கட்டுமானங்களுக்கு அந்த நெறிமுறைகள் பொருந்தா. சென்னையின் ஏழைகள் பெரும்பாலும் குடியிருப்பது எங்கே என்று கேட்டால் இந்தப் பட்டியலையே வாசிக்க வேண்டியிருக்கும். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் இருப்பவர்களுக்கு அத்தீர்ப்பால் என்ன பயன் என்பது கேள்விக்குறியே. மாநிலத்திலும் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும் 2007இல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் அகற்றும் பக்கத்துக்கே வலுச்சேர்க்கின்றன.

வெளிநாட்டு அனுபவமும் எச்சரிக்கையாகவே இருக்கிறது. வீட்டுரிமையை அரசமைப்பிலேயே எழுதிவைத்த நாடு தென்னாப்பிரிக்கா. அங்கே 2000இல் வழக்கில் வென்று உலகப் புகழ்பெற்ற ஐரீன் குரூட்பூம், 2008இல் இறக்கும்போதும் குடிசையில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்.

பட்டா என்னும் நம்பிக்கை

‘பட்டா கொடு’ என்பது தமிழ்நாட்டில் மிகப் பழைய முழக்கம். உலக அளவில் இதற்கு இரு வேறு ஊற்றுகள் உண்டு. பெருவின் குடியிருப்புகளில் பணியாற்றிய ஜான் டர்னர், நிலம் பற்றிய அச்சம் நீங்கினால் மக்கள் தங்கள் வீட்டைத் தாங்களே படிப்படியாகக் கட்டிக்கொள்வார்கள் என்றார். அதே பெருவைச் சேர்ந்த ஹெர்னாண்டோ டி சோட்டோ 2000இல், பட்டா இருந்தால் ஏழையின் வீடு கடன் பெறத்தக்க மூலதனமாகும் என்றார். டர்னர் பேசியது வாழ்வதைப் பற்றி, டி சோட்டோ பேசியது சந்தையைப் பற்றி. கொள்கை வகுப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டார்கள்.

சென்னையில் உலக வங்கியின் கடனுதவியோடு 1977இல் தொடங்கிய நகர வளர்ச்சித் திட்டம் இந்த வழியில் நடந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் வசதிகளுடன் மனைகள் பிரிக்கப்பட்டன. ஏற்கெனவே இருந்த குடிசைப் பகுதிகள் அதே இடத்தில் மேம்படுத்தப்பட்டு, தவணையில் மனை உரிமை வழங்கப்பட்டது. அடுக்குமாடி கட்டுவது செலவு அதிகம் என்ற வங்கியின் நெருக்குதலுக்கும் வாரியத்தின் விருப்பத்துக்கும் இடையே நடந்த இழுபறியை நித்யா ராமன் 2011இல் எழுதிய கட்டுரை விவரிக்கிறது. வெளியேற்றம் இல்லாமல் பெருந்தொகையான மக்களைச் சென்றடைந்த காலம் அது என்பதை மறுக்க முடியாது.

பட்டா வழியின் குறைகள் இரண்டு. வருவாய்த் துறையின் கணக்கில் புறம்போக்கு இருவகை: ஆட்சேபணையற்றது, ஆட்சேபகரமானது. பட்டா முந்தையதற்கே கிடைக்கும். நீர்வழிப் புறம்போக்கில் ஐம்பது ஆண்டு வாழ்ந்தவரின் கையில் இருப்பது பெரும்பாலும் பி மெமோ. அது ஆக்கிரமிப்புக்கான அறிவிப்பு, ஆனால் தாம் அங்கே வாழ்ந்ததற்கு அதையே ஆதாரமாகக் காட்ட வேண்டிய நிலை. அடுத்தது, குடிசையில் வாடகைக்கு இருப்பவர். பட்டா அவருக்கு ஒன்றும் தருவதில்லை, வாடகையை உயர்த்துவது தவிர. ஒடிசா 2017இல் இயற்றிய சட்டம் இவற்றில் சிலவற்றுக்கு முகங்கொடுத்திருக்கிறது. சிறு நகரங்களின் குடிசைவாசிகளுக்கு அது தரும் நில உரிமை வாரிசுகளுக்குச் செல்லும், விற்க முடியாது. பெருநகர நிலவிலையின் அழுத்தத்தில் இத்தகைய உரிமை தாக்குப்பிடிக்குமா என்பது இனிமேல்தான் தெரியும்.

மறித்து நிற்பதும் பேசித் தீர்ப்பதும்

இயக்கங்களுக்குள்ளேயே நடந்துவரும் விவாதம் இது. ஏழைகளின் வலிமை இடையூறு செய்வதில்தான் இருக்கிறது, அமைப்பு கட்டுவதில் அது கரைந்துவிடும் என்று பிவனும் குளோவார்டும் 1977இல் அமெரிக்க அனுபவத்திலிருந்து எழுதினார்கள். 1915இல் கிளாஸ்கோவில் பெண்கள் நடத்திய வாடகை மறுப்புப் போராட்டம் அதே ஆண்டில் பிரிட்டன் முழுவதும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஸ்பெயினில் வீட்டுக்கடன் கட்ட முடியாதவர்கள் 2009இல் பார்சலோனாவில் தொடங்கிய அமைப்பு, வாசலில் கூடி நின்றே ஏராளமான வெளியேற்றங்களைத் தடுத்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 2005இல் பிறந்த குடிசைவாசிகள் இயக்கமான அபஷ்லாலி பாசெம்ஜொண்டோலோ, 2009இல் ஒரு மாகாணச் சட்டத்தின் வெளியேற்றப் பிரிவை நீதிமன்றத்தில் தகர்த்தது. அதே ஆண்டில் அதன் பிறப்பிடமான கென்னடி சாலைக் குடியிருப்பு ஆயுதக் கும்பலால் தாக்கப்பட்டது. மறித்து நிற்பதன் விலை அப்படியும் இருக்கும்.

பேசித் தீர்க்கும் வழியின் பேராளுமை ஒரு தமிழர். கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய்க்குப் போன ஜாக்கின் அற்புதம், எழுபதுகளில் ஜனதா காலனியைக் காக்க வழக்கு, மறியல் என்று எல்லா முறைகளிலும் போராடினார். அணுசக்தி நிறுவனத்தின் தேவைக்காக அந்தக் காலனி 1976இல் அவசரநிலைக் காலத்தில் இடிக்கப்பட்டு, மக்கள் சீட்டா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தத் தோல்விக்குப் பின் அவர் தலைமை தாங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு, ஸ்பார்க், மகிளா மிலன் ஆகிய அமைப்புகளோடு சேர்ந்து வேறு வழியில் நடந்தது. மக்களே தங்களைக் கணக்கெடுப்பது, பெண்கள் சிறுசேமிப்புக் குழுக்கள் அமைப்பது, அந்த விவரங்களோடு அரசின் முன் உட்கார்ந்து பேசுவது. அர்ஜுன் அப்பாதுரை இதை ஆழமான ஜனநாயகம் என்று பாராட்டினார். பம்பாயின் ரயில் பாதையோரக் குடும்பங்களின் மறுகுடியமர்வில் இக்கூட்டணி பங்கேற்றபோது எதிர்ப்பும் எழுந்தது: மக்கள் எடுத்த கணக்கு, அரசு அவர்களை அகற்றுவதற்கான கருவியாகிவிட்டது என்று. இந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கில் இல்லாதவர்களுக்கு மாற்று வீடும் கிடைக்கவில்லை என்ற எதிர்வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

சென்னையில் மறித்து நின்று இடத்தைத் தக்கவைத்ததற்குத் தெளிவான உதாரணம் மெரினா மீனவர்கள். 1985 இறுதியில் கடற்கரையை அழகுபடுத்துவதற்காக அவர்களுடைய கட்டுமரங்களையும் வலைகளையும் அரசு அப்புறப்படுத்த முனைந்தபோது எதிர்ப்பு வெடித்தது. காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். அந்தக் குப்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. அவர்களுக்கு ஊர்ப் பஞ்சாயத்து என்ற பழைய அமைப்பும், கடலோடு தலைமுறைகளாக வந்த வழக்காற்று உரிமையும் துணைநின்றன. ஆற்றோரத்தில் வாழும், பெரும்பகுதி தலித் மக்களான தினக்கூலித் தொழிலாளர்களுக்கு அந்த இரண்டும் இல்லை. பெண்ணுரிமை இயக்கம், கட்டடத் தொழிலாளர் சங்கங்கள், இடதுசாரிக் கட்சிகள் ஆகியவை இந்த இடைவெளியை நிரப்பப் பல பத்தாண்டுகளாக உழைத்துவருகின்றன. அவை பல இடிப்புகளைத் தள்ளிப்போட்டிருக்கின்றன. தள்ளிப்போடுவதைத் தோல்வி என்று எழுதிவிடக் கூடாது. ஒரு பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடிக்க அந்த மாதங்கள் போதும்.

மாற்று வீடு வந்த பிறகு

மேற்சொன்ன விடைகள் பிறந்தபோது, எதிரே இருந்தது பெரும்பாலும் மாற்று ஏற்பாடு ஏதுமற்ற வெளியேற்றம். இரண்டாயிரத்துக்குப் பிறகு சென்னையில் நிலைமை மாறியது. அரசு வெறுங்கையோடு வரவில்லை, ஒதுக்கீட்டு ஆணையோடு வந்தது. 2000 முதல் துரைப்பாக்கத்தை ஒட்டிக் கண்ணகி நகர் எழுந்தது. அங்கே 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரி. பிறகு பெரும்பாக்கத்தில் சுமார் 20,000 வீடுகள் கொண்ட அடுக்குமாடிகள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாற்றுக் கரையிலிருந்தும், கூவம் சீரமைப்புத் திட்டத்தால் அந்த ஆற்றோரத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே அனுப்பப்பட்டன.

எல்லா இயக்கங்களும் கேட்ட ‘மாற்று வீடு’ இப்படித்தான் வந்தது. ஓல்கா டெல்லிஸ் வழக்கில் வாதிடப்பட்ட பிழைப்பு இங்கே திரும்பவும் கேள்வியானது. மயிலாப்பூரிலோ சேத்துப்பட்டிலோ நான்கு வீட்டு வேலை பார்த்துவந்த பெண், இருபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்தால் கூலியில் பெரும்பங்கு பயணத்துக்கே போய்விடும். கரேன் கோயெலோவும் நித்யா ராமனும் 2010இல் எழுதிய கட்டுரை இன்னொன்றையும் சுட்டியது: நீர்வழிகளைக் காப்பதாகச் சொல்லும் திட்டங்களில் குற்றவாளிகளாக்கப்பட்டவர்கள் ஏழைகள் மட்டுமே. அதே நீர்ப்பரப்புகளில் எழுந்த பெரிய கட்டடங்களை யாரும் தொடவில்லை. வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்டவர்கள் குடியேறியதும் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலத்தில். செம்மஞ்சேரியில் மழைநீர் வீட்டுக்குள் வருவது செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் புதிதல்ல.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாயோர வீடுகள் இடிக்கப்பட்டபோது, அங்கே வாழ்ந்த ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகே, அம்மக்களுக்கு அருகிலுள்ள மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளில் வீடு தரப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அருகில் இடமே இல்லை என்று அதுவரை சொல்லப்பட்டுவந்தது. ஓர் உயிர் போன பிறகு இடம் இருப்பதாகத் தெரிந்தால், இல்லாதிருந்தது நிலம் அல்ல என்ற முடிவுக்கு வராமல் இருக்க முடியவில்லை.

ஆகவே இன்றைய சென்னையில் வீட்டுரிமை என்ற கோரிக்கையை மறுவரையறை செய்ய வேண்டியிருக்கிறது. வீடு கேட்டால் அரசு தருகிறது, இடத்தை எடுத்துக்கொள்கிறது. மாற்று வீடு என்பதே வெளியேற்றத்துக்கான நியாயமாக மாறிவிட்ட நிலையில், வீட்டை மட்டும் கேட்கும் இயக்கம் தன் எதிரியின் வேலையைச் சுலபமாக்கும் ஆபத்து உண்டு. 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. வாழ்விடம் என்ற சொல் பெயரில் வந்துவிட்டது, கொள்கையில் வந்ததா என்பதே பிரச்சினை.

தீராமல் நிற்பவை

ஆற்றோரம் முதல் சிக்கல். வெள்ளம் உண்மையாகவே உயிரைப் பறிக்கும் இடங்களில் மக்கள் தொடர்ந்து வாழலாம் என்று எந்த இயக்கமும் பொறுப்போடு சொல்ல முடியாது. ஆனால் எந்தக் குடும்பம் வெள்ளப்பரப்புக்குள் இருக்கிறது, எது வெளியே என்பதை மக்களோடு சேர்ந்து அளந்து வெளியிட்டால் விவாதம் வேறு மாதிரி நடக்கும். 2025 மே மாதம் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்டபோதும் எழுந்த கேள்வி இதுதான்.

நெருக்கமான நகரத்தில் அதே இடத்தில் குடியமர்த்துவது நடைமுறையில் சாத்தியமா என்பது அடுத்தது. பிரேசிலின் ரெசிஃபி நகரம் எண்பதுகளிலேயே ஏழைகளின் குடியிருப்புகளைச் சிறப்பு மண்டலங்களாக நகரத் திட்டத்தில் குறித்து, நிலச் சந்தையிலிருந்து ஓரளவு காத்தது. தாய்லாந்து 2003இல் தொடங்கிய பான் மங்கோங் திட்டம், சேமிப்புக் குழுக்கள் வழியாக மக்களே நில உரிமையாளரோடு பேசி இடத்தைப் பகிர்ந்துகொள்ள நிதி தருகிறது. டெல்லியின் 2015ஆம் ஆண்டுக் கொள்கை, அதே இடத்தில் அல்லது ஐந்து கிலோமீட்டருக்குள் மாற்று வீடு தர வேண்டும் என்கிறது. மத்திய அரசு நிறுவனங்களின் நிலங்களில் அது மதிக்கப்படுகிறதா என்பதில் ஐயம் உண்டு. இருந்தாலும் தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதிவைத்த கொள்கையை வைத்து நீதிமன்றத்தில் வாதாடலாம். தமிழ்நாட்டில் வாதாட அப்படியோர் எண் இல்லை.

ஏற்கெனவே இடம்பெயர்ந்தவர்கள் என்ன கேட்க வேண்டும் என்பதில் இயக்கங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அவர்களுடைய கோரிக்கைகள் பள்ளி, பேருந்து, மருத்துவமனை, முகவரியைச் சொன்னால் வேலை மறுக்கப்படாத மரியாதை. திரும்பி வரும் உரிமை என்பதை அவர்கள் மீது யாரும் திணிக்க முடியாது. வாடகைக்கு இருந்தவர்கள், கணக்கெடுப்பு நாளில் ஊரில் இல்லாதவர்கள், கட்-ஆஃப் தேதிக்குப் பின் வந்தவர்கள் ஆகியோருக்கு எந்த நிலைப்பாட்டிடமும் இன்னும் சரியான பதில் இல்லை.

வாக்கு, வழக்கு, பட்டா, மறியல், பேச்சுவார்த்தை ஆகிய எதுவும் தனித்து நின்று காத்ததாகச் சான்று இல்லை. காப்பாற்றப்பட்ட இடங்களில் பெரும்பாலும் இரண்டோ மூன்றோ ஒருசேரச் செயல்பட்டிருக்கின்றன. சென்னையைப் பொறுத்தவரை, இவை ஒன்றுசேர்வதற்கு ஏற்ற கோரிக்கை ஒன்று உண்டு, அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 1971 சட்டத்தின் கீழ் குடிசைப் பகுதிகளை அறிவிக்கை செய்யும் அதிகாரம் மாநில அரசிடம் இன்றும் இருக்கிறது. கடைசி அறிவிக்கைக்குப் பின் உருவான குடியிருப்புகளைக் கணக்கெடுத்து, அவற்றை அறிவிக்கை செய்து, 29ஆம் பிரிவின் பாதுகாப்புக்குள் கொண்டுவர வேண்டும்.